லாக் ஹேவனுக்குத் திரும்பி வரும் மஞ்சள் விமானங்கள்

பென்சில்வேனியா மாநிலத்தின் நடுவில், சஸ்குவஹான்னா ஆற்றின் மேற்குக் கிளையை ஒட்டி லாக் ஹேவன் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. இன்டர்ஸ்டேட் 80-ல் போகிறவர்கள் பலகையில் பெயரைப் பார்த்திருக்கலாம். வண்டியைத் திருப்பி உள்ளே போயிருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பால்ட் ஈகிள் மலை, நடுவில் கொஞ்சம் சமதரை. அந்தச் சமதரையில் ஒரு விமானத் திடல். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் சில நாட்கள் அங்கே மஞ்சள் நிறக் குட்டி விமானங்கள் வந்து இறங்கியபடி இருக்கும். பைப்பர் ஜே-3 கப். மஞ்சள் உடல், பக்கவாட்டில் மின்னல் போல் ஓடும் கறுப்புக் கோடு. பழைய விமானப் படம் எதையாவது பார்த்தவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள்.

‘சென்டிமென்டல் ஜர்னி’ என்பது இந்தக் கூடலின் பெயர். 1986-ல் தொடங்கியது. இப்படிப்பட்ட கூடல்களுக்கு ஃப்ளை-இன் என்று சொல்வார்கள். விமானம் வைத்திருப்பவர்கள் அதிலேயே பறந்து வருவார்கள், புல்தரையில் நிறுத்துவார்கள், இறக்கைக்குக் கீழே கூடாரம் போட்டுப் படுப்பார்கள். விஸ்கான்சினில் ஆஷ்காஷ் நகரில் ஜூலையில் நடக்கும் பெரிய விழாவைப் பற்றிப் பலருக்குத் தெரியும். அங்கே பத்தாயிரம் விமானங்கள் வரும், ஜெட் போர் விமானங்கள் தலைக்கு மேல் கிழித்துக்கொண்டு போகும். நான் அங்கேயும் போயிருக்கிறேன், பிரமித்திருக்கிறேன். ஆனால் அங்கே ஒரு விமானத்தின் பக்கத்தில் நின்று, அதை வைத்திருப்பவரோடு ஒரு மணி நேரம் பேசுவது கஷ்டம். லாக் ஹேவனில் பேச்சுதான் முதல் நிகழ்ச்சி. மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் “இது எந்த வருடத்து விமானம்?” என்று கேட்டால் போதும், அவர் இன்னொரு நாற்காலியை எடுத்துப் போட்டுவிடுவார்.

ஏன் இந்த ஊர் என்றால், இந்த விமானங்கள் பிறந்த ஊரே இதுதான்.

கதை பிராட்ஃபோர்டில் தொடங்குகிறது. அதுவும் பென்சில்வேனியாதான், எண்ணெய்க் கிணறுகளுக்குப் பேர்போன ஊர். சி. கில்பர்ட் டெய்லர் என்பவர் அங்கே சின்ன விமானங்கள் செய்துகொண்டிருந்தார். அதில் பணம் போட்டவர் வில்லியம் டி. பைப்பர் என்ற எண்ணெய் வியாபாரி. பொருளாதார மந்தத்தில் கம்பெனி திவாலாகி 1931-ல் ஏலத்துக்கு வந்தபோது, பைப்பர் 761 டாலருக்கு எல்லாவற்றையும் எடுத்தார். டெய்லர் கூடவே இருந்தார், ஆனால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. டெய்லர் பிரிந்து போய், ஒஹாயோவில் டெய்லர்கிராஃப்ட் என்று தனிக் கம்பெனி நடத்தினார். 1937 மார்ச்சில் பிராட்ஃபோர்டு தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. பைப்பர் இடம் தேடி வந்து சேர்ந்தது லாக் ஹேவனில் மூடிக் கிடந்த ஒரு பட்டு ஆலை. பட்டு நெய்த கூடத்தில் விமானத்துக்குத் துணி போர்த்த ஆரம்பித்தார்கள்.

அடுத்த பத்து ஆண்டுகளில் அங்கிருந்து வெளிவந்த ஜே-3 கப்புகள் ஏறக்குறைய 20,000. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வேலை உச்சத்தில் இருந்தபோது 20 நிமிடத்துக்கு ஒரு விமானம் வெளியே வந்தது என்பார்கள். போருக்குச் சற்று முன் அமெரிக்க அரசு கல்லூரி மாணவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் பெரும்பாலானோர் பழகியது கப்பில்தான். அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின இளைஞர்களுக்குப் பயிற்சி தந்த சார்ல்ஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சன், 1941-ல் அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டைத் தன் விமானத்தில் ஏற்றிக்கொண்டு பறந்தார். கறுப்பர்களால் விமானம் ஓட்ட முடியுமா என்று நாடே வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. பின் இருக்கையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளின் புகைப்படம் எத்தனையோ வாதங்களுக்குப் பதில் சொன்னது. எனக்கு இந்த விமானத்தின் மேல் இருக்கும் மரியாதையில் பாதி அந்தப் படத்தால் வந்தது.

1972 ஜூனில் ஆக்னஸ் புயல் வெள்ளம் லாக் ஹேவனை மூழ்கடித்தது. தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்து, விமானங்களும் வார்ப்புகளும் அச்சுகளும் நாசமாயின. கமான்சி என்ற அருமையான ரகத்தின் தயாரிப்பு அதோடு நின்றே போனது. பிறகும் சில ஆண்டுகள் இழுத்துப் பிடித்தார்கள். கம்பெனி ஃப்ளோரிடாவின் வீரோ பீச்சை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. 1984-ல் லாக் ஹேவன் ஆலை இழுத்து மூடப்பட்டது. ஊரில் பாதிக் குடும்பத்துக்கு அங்கே யாரோ ஒருவர் வேலை பார்த்திருப்பார்கள். அந்த வலியை நான் விவரிக்கத் தேவையில்லை. மில் மூடிய ஊர்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

மூடிய இரண்டாவது ஆண்டில் முதல் ஃப்ளை-இன் நடந்தது. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்கிறது. முதலாளிகள் போய்விட்டார்கள், இயந்திரங்கள் போய்விட்டன, சங்கு ஊதுவது நின்றுவிட்டது. விமானங்கள் மட்டும் வருடா வருடம் தங்கள் ஊருக்கு வந்து போகின்றன. கூடலுக்கு வரும் கிழவர்களில் சிலர் முன்பு அந்த ஆலையில் இறக்கை கட்டியவர்கள். வரிசையாக நிற்கும் விமானங்களுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து போவார்கள். அவர்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மற்றவர்கள் விமானத்தின் முகத்தைப் பார்க்கும்போது இவர்கள் குனிந்து அடிப்பாகத்தில் வெல்டிங் செய்த இடங்களைப் பார்ப்பார்கள்.

இனி விமானத்துக்கு வருகிறேன். ஜே-3 கப்பில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று சொல்வது எளிது. பேட்டரி இல்லை. ஸ்டார்ட்டர் இல்லை. விளக்கு இல்லை. எஃகுக் குழாய்களை வெல்டு செய்த ஒரு கூடு, அதன்மேல் துணி. 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், அதன் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு காற்றில் குளிர்கின்றன. காலி எடை 765 பவுண்டு. நான்கைந்து பேர் சேர்ந்தால் புல்தரையில் எங்கே வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போகலாம், போகிறோம். வேகம், உயரம், திசை, எஞ்சினின் சுழற்சி, ஆயிலின் அழுத்தம், ஆயிலின் சூடு ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு முள். அவ்வளவுதான் கருவிப் பலகை.

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவிதான் எனக்கு மிகவும் பிடித்தது. டேங்க் எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவில் இருக்கிறது, 12 கேலன் பிடிக்கும். அதன் மூடியில் ஒரு துளை. துளை வழியாக ஒரு கம்பி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியின் கீழ்முனையில் தக்கை ஒன்று பெட்ரோலில் மிதக்கிறது. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். கண்ணாடிக்கு நேர் முன்னால் அது ஆடிக்கொண்டே இருப்பதால் விமானியின் கண்ணில் படாமல் போகவே போகாது. பழுதானால்? வேறு தக்கை. எண்பது வருடத்துக்கு மேலாக இதை மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு நாலு, நாலரை கேலன் குடிக்கும். எனவே இரண்டு மணி நேரத்துக்கொரு முறை எங்காவது இறங்கியாக வேண்டும். வேகமோ மணிக்கு 75 மைல்தான். எதிர்க்காற்று பலமாக இருந்தால் கீழே நெடுஞ்சாலையில் போகும் லாரிகள் இவர்களை முந்திக்கொண்டு போகும். அப்படியிருந்தும் பல மாநிலங்கள் தாண்டி வருகிறார்கள், ஆற்றையும் ரயில் தண்டவாளத்தையும் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்னத் திடல்களில் இறங்கி, பெட்ரோல் போட்டு, அங்கே இருப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசி. மழை வந்தால் அங்கேயே இரவு தங்கல். வந்து சேர்ந்ததும் அவர்கள் சொல்வதெல்லாம் வழியில் கண்ட மனிதர்களைப் பற்றித்தான்.

எஞ்சினைக் கிளப்புவதைப் பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கால் குதிகளால் பிரேக்கை அழுத்திப் பிடித்திருப்பார். சக்கரங்களுக்கு முன்னால் கட்டை. மற்றவர் மரத்தாலான முன்விசிறிக்கு எதிரே நிற்பார். “ஸ்விட்ச் ஆஃப்?” என்று வெளியே இருப்பவர் கேட்க, உள்ளே இருப்பவர் சுவிட்சைத் தொட்டுப் பார்த்து அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். நாலைந்து முறை விசிறியைக் கையால் சுற்றி பெட்ரோலை உள்ளே இழுப்பார்கள். பிறகு “கான்டாக்ட்!” உள்ளிருந்தும் அதே சொல் வரும். விசிறியின் தட்டையான பகுதியில் உள்ளங்கையை வைத்து, விரல்களை மடக்காமல், ஒரே இழுப்பு. இழுத்த கையோடு உடம்பும் பின்னால் விலகிவிட வேண்டும். இந்த முறைமையில் யாரும் விளையாட்டுக் காட்டுவதில்லை. ஆஃப் என்று சொன்னாலும், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் தரைக்கம்பி அறுந்திருந்தால் எஞ்சின் உயிரோடுதான் இருக்கும். ஆகவே எந்த நேரமும் அது கிளம்பிவிடும் என்று நினைத்தே தொட வேண்டும். அனுபவமில்லாதவரை விசிறிப் பக்கம் விடவே மாட்டார்கள். அங்கே நான் கண்ட ஒழுங்கை மிகப் பெரிய தொழிற்சாலைகளில்கூடக் கண்டதில்லை.

ஒரு பெரியவர் என்னை ஏற்றிக்கொண்டு பறந்தார். கப்பில் தனியாக ஓட்டுபவர் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும், எடைச் சமநிலைக்காக. விருந்தாளிக்கு முன் இருக்கை. வலதுபக்கக் கதவு இரண்டு பாதியாகத் திறக்கும்: மேல்பாதியை இறக்கையின் அடியில் மாட்டிவிடலாம், கீழ்பாதி தொங்கும். திறந்தபடியே பறக்கலாம். தார் ஓடுபாதையை விட்டுவிட்டுப் பக்கத்துப் புல்பாதையில் ஓடினோம். வால்சக்கர விமானத்தின் எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், வால் எப்போதும் முன்னே வரப் பார்க்கும். ஓட்டுபவரின் கால்கள் ஒரு கணமும் சும்மா இருக்க முடியாது. பெடல்கள் என் கால்களுக்கு அருகிலும் இருந்ததால் அவருடைய கால் வேலை முழுவதையும் என்னால் பார்க்க முடிந்தது. இடது, வலது, இடது, இடது, வலது. மண் பெயர்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அப்புறம் தரை கீழே போய்விட்டது. ஐந்நூறு அடியில் ஆற்றின் மேல் திரும்பினோம். என் வலது முழங்காலுக்கு அப்பால் எதுவுமே இல்லை, காற்றும் ஆறும்தான். ஒரு தீவுத் திட்டில் கொக்கு மாதிரி ஏதோ எழுந்து போனது. யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்த வாசம் மேலே வரைக்கும் வந்தது! பயணிகள் விமானத்தில் எத்தனையோ முறை சென்னைக்குப் போய் வந்திருக்கிறேன். பறந்தேன் என்று சொல்லக்கூடியது இந்த ஒரு பயணம்தான்.

என் மகளை வசியம் செய்தது வேறொரு இடம். ஒரு கொட்டகையில் இறக்கைக்குத் துணி போர்த்துவதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். முன்பு பருத்தித் துணி, அதன்மேல் டோப் என்ற பூச்சு. இப்போது பாலியெஸ்டர். துணியை இறக்கைச் சட்டத்தின் ஓரங்களில் ஒட்டிவிட்டு, வீட்டில் சட்டை தேய்க்கிறோமே, அந்த அயர்ன் பாக்ஸாலேயே தேய்க்கிறார்கள். முதலில் 250 டிகிரி ஃபாரன்ஹீட், கடைசியில் 350. சூட்டுக்குத் துணி சுருங்கி விறைப்பாகிறது. டிகிரி தப்பினால் துணி பாழ் என்பதால், தெர்மாமீட்டர் வைத்து அயர்ன் பாக்ஸின் திருகில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

அதன் பிறகு வருவதுதான் தையல். இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பேர் இரண்டு பக்கமும் உட்கார்கிறார்கள். ஒரு அடி நீள ஊசி, மெழுகு பூசிய நூல். இந்தப் பக்கத்தில் இருப்பவர் குத்தி அனுப்ப, அந்தப் பக்கத்தில் இருப்பவர் வாங்கி, உள்ளே இருக்கும் விலாச்சட்டத்தின் மறுபுறமாகத் திருப்பி அனுப்புகிறார். சில அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. என் அம்மா மல்லிகை தொடுக்கும்போது விரலைச் சுற்றிப் போடும் சுருக்கைப் போலவே இருந்தது அந்த முடிச்சு. மேலே பறக்கும்போது இறக்கையின் மேல்துணியைக் காற்று பிய்த்து இழுக்கும். அதைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது இந்த நூல்தான்.

“அப்பா, இந்தப் பக்கம் வந்து உட்காருங்க, ஊசிய வாங்குங்க” என்று கூப்பிட்டாள். கற்றுக்கொடுத்த அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் மகள் போட்ட முடிச்சை விரல் நகத்தால் தடவிப் பார்த்து, இரண்டை அறுத்துத் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவதற்குத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் கிடைத்த பிறகு அவள் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை.

இந்தக் கூடலின் நிஜமான காரியம் அந்தக் கொட்டகையில்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். இந்த விமானங்கள் இத்தனை காலம் தாங்கியதற்குக் காரணம், அவற்றில் மூடி முத்திரையிட்ட பகுதி என்று எதுவும் இல்லாததுதான். எதையும் திறந்து பார்க்கலாம், தொட்டுப் புரிந்துகொள்ளலாம், கையால் திரும்பச் செய்துவிடலாம். குழாய் துருப்பிடித்தால் அந்தத் துண்டை வெட்டி வேறு வைத்து வெல்டு செய்யலாம். துணி நைந்தால் புதுத் துணி. உதிரிப் பாகத்துக்குப் பஞ்சம் கிடையாது. பஞ்சம் கைகளுக்குத்தான். ஆண்டுக்கொரு முறை கட்டாயமாகச் செய்ய வேண்டிய சோதனையில் துணியையும் மரச்சட்டத்தையும் பார்த்துச் சரி சொல்லத் தெரிந்த மெக்கானிக்குகள் வயதாகி ஒவ்வொருவராக ஓய்ந்துகொண்டிருக்கிறார்கள். விமானப் பெட்ரோலில் ஈயம் கலப்பதை நிறுத்தப்போகிறார்கள் என்ற கவலை மற்ற ரகக்காரர்களுக்கு உண்டு. கப்பின் எஞ்சினோ மட்டமான பெட்ரோலுக்கென்றே வடிவமைத்தது. முறையான அனுமதி வாங்கிவிட்டால் எத்தனால் கலக்காத கார் பெட்ரோலிலேயே ஓடும். ஆகவே எரிபொருள் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்த அம்மையாரின் ஊசியை வாங்க எத்தனை பேர் மறுபக்கம் வந்து உட்காருகிறார்கள் என்பதுதான் கவலை.

கப் மட்டும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிந்துபோன டெய்லரின் டெய்லர்கிராஃப்டுகளும் வந்து பழைய பங்காளியின் வீட்டு வாசலில் நிற்கும். ஒஹாயோவில் மிடில்டவுன் நகரில் செய்த ஏரோங்காக்களும் வரும். அவற்றில் சீஃப் என்று ஒரு ரகம், இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். அதைக் கண்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் 1958-ல் பறக்கவிட்ட புஷ்பக், இந்த சீஃபை அடியொற்றிச் செய்ததுதான். உயர இறக்கை, துணி போர்த்திய எஃகுக் கூடு, இரண்டு இருக்கை. எஞ்சின் மட்டும் பெரிது, 90 குதிரைத்திறன். இந்தியாவின் பறத்தல் கழகங்களில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் விமானம் ஓட்டக் கற்ற பலருக்கு முதல் விமானம் புஷ்பக்தான். இதை அந்த சீஃபின் சொந்தக்காரரிடம் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை. போனில் படம் எடுத்துக் காட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டு வால் பகுதியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு நண்பர்களை எல்லாம் கூப்பிட்டு “நம்ம விமானத்துக்கு இந்தியாவில் சொந்தக்காரங்க இருக்காங்க” என்று காட்டினார். நம் ஊரில் எஞ்சியிருக்கும் புஷ்பக்குகளைச் சுற்றியும் இப்படி நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

திடலை ஒட்டிப் பழைய பைப்பர் பொறியியல் கட்டடத்தில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ‘சிட்டி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்’ என்ற பைப்பர் சூப்பர் க்ரூசர் ரக விமானம் நிற்கிறது. 1947 ஆகஸ்டில் நியூஜெர்சியிலிருந்து கிளம்பி டிசம்பரில் உலகைச் சுற்றித் திரும்பிய இரண்டு விமானங்களில் ஒன்று. ஓட்டியவர்கள் ஜார்ஜ் ட்ரூமன், கிளிஃபோர்ட் எவன்ஸ். நூறு குதிரைத்திறனையொட்டிய எஞ்சினோடு, துணி இறக்கையோடு கடல்களைக் கடந்திருக்கிறார்கள். நேரில் பார்த்தால் அது எவ்வளவு சிறியது என்று நம்பவே முடியாது.

கிழக்குக் கரையில் இருப்பவர்கள் ஒரு முறையாவது போய் வாருங்கள். நியூஜெர்சியிலிருந்து மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். வார இறுதிக்குக் காத்திருக்காமல் வார நாளில் போவது நல்லது. சனிக்கிழமை வானிலை பார்த்துப் பலர் முன்கூட்டியே கிளம்பிவிடுவார்கள். விமானத்தைத் தொடுவதற்கு முன் கேளுங்கள், விரல் பட்டால் துணி தாங்கும், மோதிரமும் கேமராப் பையும் பட்டால் தாங்காது. விசிறிப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள். எட்டு வயதிலிருந்து பதினேழு வயது வரை பிள்ளைகள் இருந்தால், உங்கள் ஊர்த் திடலில் ‘யங் ஈகிள்ஸ்’ எப்போது நடக்கிறது என்று விசாரியுங்கள். 1992-லிருந்து பிள்ளைகளை இலவசமாக ஏற்றிப் பறக்கிறார்கள், இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பறந்திருக்கிறார்கள். மடக்கு நாற்காலி இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று பேச வருபவருக்கு.